ஜெயிக்காத பரிசுக்கு ஒரு பாராட்டு விழா

என்னைப் பெண் பார்க்க சிரம்பானிலிருந்து வந்திருந்தார்கள். பலகாரம் சாப்பிட்டு முடித்த கையோடு, தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்த என் தோழியை மாப்பிள்ளையின் அம்மா பக்கத்தில் கூப்பிட்டார்.

"நீ சின்ன வயசுலேருந்து இவளுக்குக் கூட்டாளியாமே. நீயே சொல்லு, பொண்ணு எப்படி? கோவம் கீவம் வருமா?"

அந்த மாதிரிக் கேள்விக்கு ஊர் உலகத்தில் ஒரே பதில்தான் உண்டு. அவள் வேறு பதில் சொன்னாள்.

"வரும் ஆண்டி. நல்லாவே வரும். கையில கெடைக்கிறத எடுத்து எறிவா. ஆனா ஒடையாத சாமானா பாத்துத்தான் எறிவா."

என் அம்மா முகத்தில் ரத்தமே இல்லை. அறைக் கதவுக்குப் பின்னால் நின்றிருந்த எனக்கு அவளை அங்கேயே பிடித்து உலுக்கவேண்டும் போல இருந்தது. முதலில் சிரித்தது மாப்பிள்ளைதான். "கோவத்துலயும் கணக்கு பாக்குற பொண்ணும்மா, விட்டுடாத" என்றார். அவரைத்தான் கட்டிக்கொண்டேன். இன்றைக்கும் நான் எதையாவது ஓங்கினால், "மொதல்ல ஒடையுமான்னு பாரு லா" என்பார்.

அவள் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. பெயரைப் போட்டு எழுதிவிட்டால் எப்படியாவது அவள் கைக்கு இது போய்ச் சேரும். அப்புறம் வரி வரியாகப் படித்து, "அன்னைக்குப் பலகாரத் தட்ட எடுத்தது நான் இல்ல, உங்க சித்தி" என்று திருத்தம் சொல்வாள். அவள் கண்ணில் படாத இடத்தில் ஒளிந்துகொண்டுதான் அவளைப்பற்றி நிம்மதியாகச் சொல்ல முடியும்.

சுவாவிலிருந்து கொஞ்சம் உள்ளே போனால் வருகிற எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டம்தான் நாங்கள் வளர்ந்த இடம். அவள் வீடும் எங்கள் வீடும் தொழிலாளர் வீட்டு வரிசையான ஒரே லயத்தில், நடுவில் ஒரு சுவர் மட்டும். அவள் அப்பா பழக்குலை வெட்டுகிறவர். நாங்கள் இடைநிலைப் பள்ளிக்குப் போன காலத்தில் தவறிவிட்டார். அம்மா நாற்றுப் பண்ணையில் பைகளுக்கு மண் நிரப்பினார். நான் பெரியம்மா என்று கூப்பிடுவேன். ஓர் அண்ணன். அவ்வளவுதான் குடும்பம்.

அவள் சண்டைக்காரி இல்லை. குரல் உயராது. யாரையும் குத்திக்காட்டுவதற்காக எதுவும் சொன்னதில்லை. கேட்டால் பதில் சொல்வாள், பதில் உண்மையாக இருக்கும், அதோடு அவள் வேலை முடிந்தது. தொடக்கப்பள்ளிக்கு ஒருமுறை மேலதிகாரி வந்தார். எங்கள் வகுப்புக்குள் நுழைந்து, "பள்ளிக்கூடத்துல கழிவறை எல்லாம் சுத்தமா இருக்கா?" என்று கேட்டார். நாங்கள் சொல்லிக்கொடுத்தபடி "இருக்கு ஐயா" என்று ராகமாகக் கத்தினோம். அவள் மட்டும் கையைத் தூக்கி, "இன்னைக்கு இருக்கு ஐயா" என்றாள். தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். ஆனால் அதற்கப்புறம் கழிவறை தினமும் கழுவப்பட்டது.

தோட்டத்துப் பெண்களுக்கு அவளிடம் பயமும் இருந்தது, தேவையும் இருந்தது. புதுச்சேலை கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போகிறவர்கள் அவள் வீட்டு வாசலைத் தவிர்த்துச் சுற்றிப் போவார்கள். ஆனால் பெண்ணுக்கு நகை வாங்கப் போகும்போதோ, மகன் வேலைக்கு விண்ணப்பிக்கும்போதோ அவளைத்தான் தேடி வருவார்கள். "மத்தவங்க எல்லாம் நல்லாருக்குன்னுதான் லா சொல்வாங்க. நீ சொல்லு" என்பார்கள். அவளும் சொல்வாள்.

இதெல்லாம் சிரிக்கக்கூடிய கதைகள். சிரிக்க முடியாத கதை ஒன்றும் இருக்கிறது.

பல்கலைக்கழகத்துக்குப் போவதற்கான எஸ்.டி.பி.எம். பரீட்சையை நாங்கள் எழுதிய வருடம். ஒரு நாள் அவளுக்குப் போர்ட்டிக்சனில் பரீட்சை. அவள் அண்ணன் மோட்டாரில் அவளை ஏற்றிக்கொண்டு போகும்போது, வளைவில் எதிரே வந்த வேனில் உரசி விழுந்துவிட்டார். காலில் எலும்பு முறிவு. வேன்காரருக்கும் கையில் அடி. அண்ணனுக்கு அப்போது லைசென்ஸ் கிடையாது, எடுப்பதற்காகப் படித்துக்கொண்டிருந்தார். எண்ணெய் ஆலையில் லோரி ஓட்டுகிற வேலைக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் தற்செயலாக அந்த வழியே இன்னொரு மோட்டாரில் வந்த அவருடைய கூட்டாளி, லைசென்ஸ் உள்ளவன், அண்ணனோடு மருத்துவமனைக்குப் போனான். போலீஸ் வந்ததும், "நான்தான் ஓட்டினேன்" என்று தானே சொல்லிவிட்டான். நல்ல மனசு.

இவளை, அந்த வழியாக வந்த மலாய்க்காரப் பெரியவர் ஒருவர் தன் காரில் பரீட்சைக்குக் கொண்டுபோய் விட்டிருந்தார். எழுதி முடித்து, கிழிந்த பாவாடையோடு மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தாள். போலீஸ்காரர் அவளிடமும் கேட்டார். மோட்டாரை ஓட்டியது யார்?

"எங்க அண்ணன்" என்றாள்.

லைசென்ஸ் இருக்கிறதா?

"இல்ல."

அவ்வளவுதான். வழக்கு, அபராதம், சில காலத்துக்கு லைசென்ஸ் எடுக்கவே முடியாது என்று ஆனது. ஆலை வேலை வேறு ஒருவனுக்குப் போனது. பொய் சொன்னதற்காகக் கூட்டாளியும் மாட்டிக்கொண்டு, அதோடு அண்ணனின் பழக்கத்தை விட்டுவிட்டான். கால் சேர்ந்ததும் அண்ணன் வேறொருவரின் லோரியில் கெலிண்டானாகப் போனார். ஓட்டுகிறவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போய், பழக்குலையை ஏற்றி இறக்குகிற வேலை. பல வருடங்கள் அதே வேலை. தோட்டத்தில், "ரேஸ் ஓடித் தங்கச்சியக் கொல்லப் பாத்தவன்" என்று ஒரு பெயரும் ஒட்டிக்கொண்டது. அவர் யாருக்கும் எந்த விளக்கமும் சொன்னதில்லை. தங்கையோடு பேசுவதை மட்டும் நிறுத்திவிட்டார். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, "அவள சாப்பிடச் சொல்லும்மா", "அவகிட்ட கொடைய எடுத்துக்கச் சொல்லும்மா" என்று எல்லாம் பெரியம்மா வழியாகத்தான் போகும்.

எனக்கும் அவள்மேல் ஆத்திரம் வந்தது. "தெரியலன்னு சொல்லியிருக்கலாம்ல?" என்று கேட்டேன்.

அவள் என்னை விளங்காமல் பார்த்தாள். "எனக்குத் தெரியுமே" என்றாள்.

இந்த மாதிரி ஆளிடம் என்ன பேசுவது?

பரீட்சையில் அவள் தேறினாள். பல்கலைக்கழகத்தில் மொழிப் பிரிவில் இடம் கிடைத்தது. அங்கே பல மொழிகள் இருந்தும், பிரெஞ்சைப் போய் எடுத்தாள். விடுமுறைக்கு வந்தவள் மூக்கால் பேசிக்கொண்டு லயத்தில் நடந்தாள். பெரியம்மா கவலையோடு, "அந்தப் பாஷைய இங்க யாருகிட்ட பேசுவ?" என்று கேட்டார்.

"யாருகிட்டயும் இல்லம்மா. அதான் நல்லா இருக்கு" என்றாள். பிறகு எனக்கு விளக்கினாள். "இங்கிலீஷ் கிளாஸ்ல நான் வாயத் தொறந்தா டவுன் பிள்ளைங்க சிரிக்கும். மலாய்ல பேசினா 'எஸ்டேட் மலாய்'னு சொல்லும். பிரெஞ்சுல எல்லாரும் சைபர்லேருந்து ஆரம்பிக்கிறோம். டாக்டர் மகளும் சைபர். நானும் சைபர். மொத மாசம் முடியுறப்ப நான் அவள தாண்டிட்டேன்."

பெருமை அடித்துக்கொள்கிறாள் என்று நினைக்கக்கூடாது. தாண்டியது உண்மை, அதனால் சொன்னாள்.

படிப்பு முடிந்து அந்த நாட்டுக்கே போய்விட்டாள். மலை ஓரமாக ஒரு சின்ன ஊர். பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிற வேலை. அங்கேதான் கவிதை எழுதத் தொடங்கினாள், அதுவும் பிரெஞ்சில். ஒரு புத்தகம் வந்தது. எனக்கு ஒன்று அனுப்பினாள். ஒரு வார்த்தை புரியவில்லை. அவள் படம் இருந்த பின்னட்டையை மட்டும் என் பள்ளி வேனில் ஏறுகிற பிள்ளைகளுக்குக் காட்டினேன். ஆமாம், நான் சிரம்பானில் பள்ளி வேன் ஓட்டுகிறேன். கோபத்துக்குப் பொருத்தமான தொழில் என்று என் வீட்டுக்காரர் சொல்வார்.

அந்தப் பின்னட்டைக்கும் ஒரு கதை உண்டு. பதிப்பகத்தில் ஓர் அம்மாள், இவளைப்பற்றி உருகி உருகி ஒரு குறிப்பு எழுதியிருந்தாராம். விடியற்காலையில் வெறுங்காலோடு ரப்பர் காட்டில் பால் வெட்டி வளர்ந்த சிறுமி என்று.

"நான் ஃபோன் பண்ணி, அதெல்லாம் எடுத்துடுங்கன்னு சொன்னேன்" என்றாள். "எங்க தோட்டத்துல நான் பொறக்குறதுக்கு முன்னாடியே ரப்பர வெட்டிட்டு செம்பன போட்டுட்டாங்க. நான் ஒரு மரமும் வெட்டினதில்ல. காலுக்கு சிலிப்பர் இருந்துச்சு. மழை நாள்ல பூட்ஸ்கூட இருந்துச்சு."

"அந்தம்மா என்னா சொன்னாங்க?"

"செருப்ப பத்தி சொன்னா யாரும் புத்தகம் வாங்க மாட்டாங்கன்னாங்க. அப்ப வாங்க வேணாம்னேன்."

கடைசியில் பின்னட்டையில் மலேசியாவில் பிறந்தவர், ஆசிரியை என்று மட்டும்தான் போட்டார்கள்.

அந்தப் புத்தகம்தான் ஒரு பரிசின் கடைசிப் பட்டியலுக்குப் போனது. எந்த நாட்டுக்காரர் எழுதினாலும் சரி, பிரெஞ்சில் எழுதிய கவிதையாக இருந்தால் போதும், அவர்களில் சிறந்தவருக்கு அதைக் கொடுப்பார்களாம். அந்த மொழியில் கவிதை எழுதுகிற எல்லாருக்கும் அதன்மேல் ஒரு கண் இருக்குமாம். கடைசி ஐந்து பேரில் இவளும் ஒருத்தி. அம்மாவைக் கூப்பிட்டு, "பட்டியல்ல என் பேரு வந்திருக்கும்மா" என்று சொல்லியிருக்கிறாள்.

பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த அண்ணன் காதில் அது விழுந்தது.

எங்கள் பக்கத்தில் பட்டியல் என்றால் ஒன்றுதான். பல்கலைக்கழகப் பட்டியலில் பெயர் வந்தால் இடம் கிடைத்துவிட்டது. வீட்டுத் திட்டப் பட்டியலில் பெயர் வந்தால் வீடு கிடைத்துவிட்டது. அண்ணன் கையைக் கழுவிவிட்டு அப்படியே வெளியே போனார். அன்று பொழுது சாய்வதற்குள் தோட்டம் முழுக்க, ஏன், சுவா கடைத்தெரு முழுக்கச் செய்தி போய்விட்டது. "என் தங்கச்சிக்கு உலகப் பரிசு கெடைச்சிருக்கு. பிரான்ஸ்ல." இத்தனை வருடம் அவள் பெயரையே வாயில் எடுக்காத மனிதர், அவள் பெயரைச் சொல்லாமல் யாரையும் தாண்டிப் போகவில்லை. அப்போது அவர் சொந்தமாக ஒரு லோரி வாங்கி ஓட்டிக்கொண்டிருந்தார். அதன் முன்கண்ணாடியில் அவள் படத்தைப் பெரிதாக்கி ஒட்டிவிட்டார்.

அவள் விடுமுறைக்கு வருகிற வாரத்தில் பாராட்டு விழா என்று அண்ணனே முடிவு செய்தார். தோட்டத்துப் பொது மண்டபமான டேவானைக் கேட்டு வாங்கினார். தொகுதிச் சட்டமன்ற உறுப்பினரான ஒய்.பி. வருவதாகச் சொல்லிவிட்டார். பள்ளிப் பிள்ளைகள் நடனம் பழகின. அவளுக்குத் தெரியக்கூடாது, வந்ததும் ஆச்சரியப்படவேண்டும் என்று எங்களிடமெல்லாம் சத்தியம் வாங்கிக்கொண்டார். விமான நிலையத்திலிருந்து அழைத்துவருகிற பொறுப்பு எனக்கு.

வேனில் ஏறி உட்கார்ந்தவளிடம் என்னால் வாயை அடக்க முடியவில்லை. "வாழ்த்து லா, உலகக் கவிஞரே" என்றேன்.

"எதுக்கு?"

"பரிசுக்குத்தான்."

"எனக்குக் கெடைக்கலயே" என்றாள், சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டே. "ஆப்பிரிக்காக்காரர் ஒருத்தருக்குக் கெடைச்சிச்சு. வயசானவரு. ரொம்ப நல்லா எழுதியிருந்தாரு. பத்திரிகைக்காரங்க வந்து, உங்களுக்கு வருத்தமான்னு கேட்டாங்க. வருத்தம்தான், ஆனா என்னோடத விட அவரோடது நல்ல புத்தகம்னு சொன்னேன். எங்க பதிப்பகத்து அம்மா தலையில கைய வச்சிக்கிட்டாங்க."

நான் வேனை ஓரமாக நிறுத்தினேன். "வீட்டுல சொல்லலயா?"

"முடிவு வந்த அன்னைக்கே அம்மாகிட்ட சொன்னேனே."

வேறு வழியில்லாமல் விழாவைப் பற்றி எல்லாவற்றையும் கொட்டினேன். தோட்டத்துக்குத் திரும்புகிற முச்சந்தியில், இரண்டு செம்பனை மரங்களுக்கு நடுவில் கட்டியிருந்த பதாகையில் அவளே சிரித்துக்கொண்டிருந்தாள். 'உலகப் பரிசு வென்ற எங்கள் தோட்டத்து மகளே, வருக!' அதை முழுதாகப் படித்தாள். "படம் நல்லா இருக்கு" என்றாள்.

வீட்டுக்குள் போனதும் முதல் கேள்வியே அதுதான். "அம்மா, நான் சொன்னத ஏன் அண்ணன்கிட்ட சொல்லல?"

பெரியம்மா அவள் பையை வாங்கி வைத்தார். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். பிறகுதான் பதில் சொன்னார். "இத்தன வருஷமா ஒம் பேரச் சொல்லாத பிள்ள, இப்ப வாய் ஓயாம சொல்லிக்கிட்டுத் திரியுது. நான் எந்த வாயால அத நிறுத்துவேன்? நீ எனக்கு ஒரு மக. அவனும் எனக்கு ஒரு மகன்தான்."

அந்த நேரத்தில் அண்ணன் வந்துவிட்டார். கையில் நாற்காலிகளுக்கான ரிப்பன் சுருள். தங்கையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது, ஆனால் பழக்கம் விடவில்லை, அம்மாவைப் பார்த்து, "சாப்பிட்டாளா?" என்றார்.

"அண்ணே" என்றாள் அவள். "எனக்குப் பரிசு கெடைக்கல. அஞ்சு பேர்ல ஒருத்தியா வந்தேன். அவ்வளவுதான்."

அண்ணன் ரிப்பனை மேசைமேல் வைத்தார். நான் எழுந்து போய்விடலாமா என்று யோசித்தேன். அவர் பேசியபோது குரலில் கோபம்கூட இல்லை.

"அவகிட்ட சொல்லும்மா. ஒய்.பி. வர்றாரு, சாப்பாட்டுக்குச் சொல்லியாச்சு, பிள்ளைங்க ஆடப் போவுது. நாளைக்கு அவள யாரும் எந்தக் கேள்வியும் கேக்க மாட்டாங்க. மாலைய வாங்கிக்கிட்டு ஒக்காரச் சொல்லு. கேட்டா மட்டும் பதில் சொல்லச் சொல்லு. அதானே அவ வழக்கம்."

வெளியே போய்விட்டார். லோரி கிளம்புகிற சத்தம் கேட்டது.

அவள் மேசைமேல் கிடந்த ரிப்பன் சுருளைப் பிரிப்பதும் சுற்றுவதுமாக இருந்தாள். அவளை அப்படி நான் பார்த்ததில்லை. பிறகு மெதுவாகச் சொன்னாள். "அவன் சொன்னது சரிதான். கேட்டதுக்கு மட்டும்தான் நான் பதில் சொல்லியிருக்கேன்."

"நாளைக்குச் சும்மா இருந்துடு லா" என்றேன். "ஒரு நாள்தானே. யாருக்கு நஷ்டம்?"

"பாக்கலாம்" என்றாள். அவள் வாயிலிருந்து அந்த வார்த்தையையும் நான் அதுவரை கேட்டதில்லை.

மறுநாள் காலையில் டேவான் நிரம்பி வழிந்தது. சிரம்பானுக்கும் நீலாய்க்கும் குடிபோய்விட்ட பழைய தோட்டத்துக் குடும்பங்கள்கூட வந்திருந்தன. பெரியம்மா முதல் வரிசையில், என் கல்யாணத்துக்குக் கட்டிய பட்டுச் சேலையில். அண்ணன் ஓரமாக ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில், கையைக் கட்டிக்கொண்டு. பிள்ளைகள் ஆடி முடித்ததும் ஒய்.பி. பேசினார். பேச்சு நன்றாகத்தான் இருந்தது. நம் பெண் பிரான்ஸ் நாட்டுக்கே போய், பிரெஞ்சுக்காரர்களையே பிரெஞ்சில் ஜெயித்துவிட்டாள் என்றார். கைதட்டல் கூரையில் முட்டியது. அடுத்து மைக்கை அவளிடம் கொடுத்தார்கள்.

அவள் அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் தரையைப் பார்த்தார்.

"எல்லாருக்கும் வணக்கம். ஒய்.பி. சொன்னதுல ஒரே ஒரு திருத்தம். நான் ஜெயிக்கல."

கூட்டத்துக்கு முதலில் விளங்கவில்லை. தன்னடக்கம் என்று நினைத்து இரண்டொருவர் கைதட்டினார்கள்.

"கடைசி அஞ்சு பேர்ல வந்தேன். பரிசு இன்னொருத்தருக்குப் போச்சு. இதுல எங்க அண்ணன் மேல தப்பு இல்ல. பட்டியல்ல பேரு வந்திருக்குன்னு சொன்னது நான். நம்ம பக்கம் பட்டியல்ல பேரு வந்தா கெடைச்ச மாதிரிதானே."

இப்போது விளங்கிவிட்டது. நாற்காலிகள் கிறீச்சிட்டன. ஒய்.பி. தன் உதவியாளரைத் திரும்பிப் பார்த்தார். பெரியம்மா சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் அவள் மைக்கைக் கொடுக்கவில்லை.

"இன்னொன்னு சொல்லணும். இத யாரும் எங்கிட்ட கேட்டதில்ல. எங்க அண்ணன் மோட்டார்ல விழுந்தது இங்க எல்லாருக்கும் தெரியும். போலீஸ் எங்கிட்ட யாரு ஓட்டினதுன்னு கேட்டாங்க. லைசென்ஸ் இருக்கான்னு கேட்டாங்க. ரெண்டுக்கும் பதில் சொன்னேன். எதுக்கு ஓட்டினாருன்னு யாரும் கேக்கல. நானும் சொல்லல. அன்னைக்கு பஸ் வரல. லைசென்ஸ் இல்லாம வேணாம்னு அண்ணன் சொன்னாரு. மோட்டார எடுன்னு அழுதது நான். வளைவுலகூட வேகமா போ, வேகமா போன்னு முதுகுல குத்திக்கிட்டு இருந்தது நான். நீங்க எல்லாம் அவர ரேஸ் ஓடினவன்னு பேசினீங்க. நான் அப்பவே லயத்துல நின்னு சொல்லியிருக்கணும். சொல்லாம போயி, யாருக்கும் புரியாத பாஷையில எழுதி வச்சேன். அது சொன்ன மாதிரி ஆயிடாது."

அண்ணன் இப்போது தரையைப் பார்க்கவில்லை.

"அந்தக் கவிதையைப் படிக்கிறேன்" என்றாள். முதலில் பிரெஞ்சில் படித்தாள். பிறகு நின்று நின்று, வார்த்தை தேடித் தேடித் தமிழில் சொன்னாள்.

"அண்ணன் சாலையில் கிடந்தான்.
கால் ஒரு பக்கம், முகம் ஒரு பக்கம்.
அழுதுகொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.
பரீட்சைக்கு நேரமாகுது, போ, என்றான்.
தமிழில் அது ஒரே எழுத்து.
அந்த ஓர் எழுத்தில் ஏறி
நான் இவ்வளவு தூரம் வந்துவிட்டேன்.
இறங்க இன்னும் இடம் தெரியவில்லை."

எங்கோ மூக்கை உறிஞ்சுகிற சத்தம். பூச்சிமருந்து அடிக்கப் போகிற அக்கா ஒருவர் இரண்டாவது வரிசையிலிருந்து எழுந்தார். வெளிப்படையாகப் பேசுகிறவர்.

"இதுக்காம்மா பரிசு குடுக்கல?"

"ஆமாக்கா."

"அப்ப அந்தப் பெரியவரு எப்படித்தான் எழுதியிருப்பாரு!"

டேவான் வெடித்துச் சிரித்தது. ஒய்.பி.யும் சிரித்துவிட்டார். மனிதர் அரசியலுக்குப் புதிதில்லை. எழுந்து போய் மாலையை எடுத்தார். "உலகத்துல அஞ்சாவது இடம்கூட நமக்குப் பெருமைதான்" என்றார்.

"அஞ்சாவது இல்ல ஒய்.பி.," என்றாள் அவள், கழுத்தில் மாலையோடு. "அஞ்சு பேர்ல ஒருத்தி. யாரு எத்தனாவதுன்னு அவங்க சொல்லல."

விழா முடிந்ததும் சாப்பாடு. ஒய்.பி. கிளம்பிவிட்டார், மற்றவர்கள் யாரும் கிளம்பவில்லை. அண்ணனை ஆட்கள் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் தோளைத் தட்டினார். அந்தப் பழைய கூட்டாளியும் வந்திருந்தான். இரண்டு பேரும் கைகொடுத்துக்கொண்டதைப் பார்த்தேன். அவள், பெரியம்மா, நான் மூவரும் கடைசி மேசையில் உட்கார்ந்திருந்தோம். கொஞ்ச நேரத்தில் அண்ணன் தட்டோடு வந்து அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். பெரியம்மாவைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தே பேசினார்.

"நான் வெறும் 'போ'ன்னா சொன்னேன்?"

அவள் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். "இல்ல" என்றாள்.

"எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. கால் ஒடஞ்ச வலி. முன்னால ஒரு வார்த்த சேத்துச் சொன்னேன்."

"பிரெஞ்சுல அது இருக்கு" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "தமிழ்லதான் விட்டுட்டேன். அம்மா முன்வரிசையில ஒக்காந்திருந்தாங்க."

அண்ணனுக்கு வந்த சிரிப்பில் சோறு தொண்டையில் ஏறிக்கொண்டது. கண்ணில் தண்ணீர் வர இருமினார். அவளும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

பெரியம்மா பதறிப்போய் எழுந்து அவர் தலையில் தட்டினார். "மெதுவாடா! என்னா சொன்னா? எதுக்கு இந்தச் சிரிப்பு?"

"ஒண்ணும் இல்லம்மா" என்றார்கள், இரண்டு பேரும் ஒரே நேரத்தில்.